கண்ணும் கையும்

நார்வே நாட்டில் குளிர்காலம் நீண்டது, பகல் குறுகியது. தலைநகராகிய ஆஸ்லோவில், டிசம்பர்த் திங்களின் பிற்பகுதியில், கதிரவன் வானில் நிற்பது ஏறத்தாழ ஆறு மணி நேரமே. அதற்கும் வெகு வடக்கே உள்ள ட்ரோம்சோ நகரிலோ, நவம்பர் இறுதி தொடங்கி ஜனவரி நடுப்பகுதி வரை கதிரவன் அடிவானத்திற்கு மேல் எழுவதே இல்லை. வயலும் வழியும் வெண்பனியால் மூடப்பட்டுக் கிடக்கும். உழவுக்கு இடமில்லை, மாடும் ஆடும் கொட்டிலை விட்டு வெளிவருவதில்லை. இத்தகைய நாட்டில் வாழ்ந்த மக்கள் பண்டைக் காலத்திலேயே பனிமீது சறுக்கிச் செல்லும் கலையைக் கண்டனர். பிற்காலத்தில் கம்பளி நூலால் உடை பின்னும் கலையையும் கற்றனர். முன்னது வெளியே செல்வோரின் கால்களுக்கு விரைவைத் தந்தது. பின்னது அவர்தம் உடலைக் குளிரினின்று காத்தது.

இவ்விரு கலைகளும் இக்காலத்தில் ஒரே அறையில் சந்திக்கின்றன. குளிர்காலத்து ஞாயிற்றுக்கிழமைகளில் நார்வே நாட்டுத் தொலைக்காட்சியில் பனி விளையாட்டுகள் மணிக்கணக்காகக் காட்டப்படும். அதன் எதிரே அமர்ந்திருப்பவரின் மடியில் ஒரு நூற்பந்து கிடக்கும். கைகளில் இரண்டு ஊசிகள் அசைந்துகொண்டிருக்கும். கண் பந்தயத்தைக் காணும். கை பின்னலைத் தொடரும். கண்ணுக்கு ஒரு வேலையும் கைக்கு ஒரு வேலையும் ஒரே பொழுதில் தருவது தகுமா? இரண்டில் ஒன்று கெடாதா? ஒருவேளை இரண்டும் ஒன்றை ஒன்று வளர்க்குமா? இவ்வினாக்களுக்கு விடை காண வேண்டுமானால், பின்னலின் இயல்பையும் பனி விளையாட்டின் இயல்பையும் முதலில் அறிதல் வேண்டும்.

நெசவில் பாவும் ஊடும் என இருவகை நூல்கள் நேராகவும் குறுக்காகவும் செல்லும். பின்னலில் அப்படியில்லை. ஒரே நூல் வளைந்து வளைந்து செல்லும். ஊசியில் நூலைச் சுற்றி ஒரு வளையம் ஆக்குகிறோம். அவ்வளையத்தின் ஊடே நூலை இழுத்து மற்றொரு வளையம் ஆக்குகிறோம். இவ்வளையத்திற்குக் கண்ணி என்று பெயர் கொள்வோம். ஒவ்வொரு கண்ணியும் தனக்குக் கீழுள்ள கண்ணியைப் பற்றி நிற்கிறது. தனக்கு மேலுள்ள கண்ணியைத் தாங்கி நிற்கிறது. வளையங்களால் ஆனமையின் பின்னல் துணி இழுத்தால் நீளும், விட்டால் சுருங்கும். ஓடியாடும் உடலுக்கு ஏற்ற துணி அது.

கம்பளி மயிரின் இயல்பும் இதற்குத் துணை செய்கிறது. ஆட்டு மயிர் நேரானதன்று, நெளிநெளியாக வளர்வது. அந்நெளிவுகளுக்கு இடையே காற்று தங்குகிறது. தங்கிய காற்று உடற்சூட்டை வெளியே விடாது காக்கிறது. மேலும், கம்பளி தன் எடையில் ஏறத்தாழ 30 விழுக்காடு ஈரத்தை உறிஞ்சிய பின்னும் உடலுக்கு நனைந்த உணர்வைத் தருவதில்லை. பனியில் வியர்வை சிந்த ஓடுவோர்க்கு இதனினும் நல்ல துணை வேறு யாது?

நார்வேயின் நடுப்பகுதியில் செல்பூ என்றோர் ஊர் உண்டு. 1857ஆம் ஆண்டில் அவ்வூரைச் சேர்ந்த மாரித் எம்ஸ்டாட் என்னும் இளம்பெண் கறுப்பும் வெள்ளையுமாகிய இருநிற நூலால், எட்டு இதழ் கொண்ட மலர்வடிவம் அமைத்துக் கையுறை பின்னினாள். அதனை அணிந்து தேவாலயத்திற்குச் சென்றாள். கண்டவர் வியந்தனர், வியந்தவர் கற்றனர். அம்மலர் இன்று 'செல்பூ ரோசா' என நாடெங்கும் அறியப்படுகிறது. இருநிறப் பின்னலில் அழகு மட்டுமன்று, பயனும் உண்டு. ஒரு நிறநூல் முன்னே கண்ணியாகும்போது மற்றொரு நிறநூல் பின்னே படர்ந்து செல்கிறது. ஆகவே துணி இரண்டு அடுக்காகிறது; இரட்டிப்பாகக் குளிரைத் தடுக்கிறது. தேவையிலிருந்து அழகு பிறந்தமைக்கு இஃது ஒரு சான்று.

பனிச்சறுக்கின் வரலாறும் இத்தகையதே. வேட்டைக்கும் விறகுக்கும் அண்டை வீட்டுக்கும் செல்ல உதவிய சறுக்குக்கட்டை, பின்னர்ப் பந்தயக் கருவியாயிற்று. ஆஸ்லோவை அடுத்த ஹோல்மென்கோலன் குன்றில் 1892ஆம் ஆண்டு முதல் பனிச்சறுக்குப் பந்தயங்கள் நடந்து வருகின்றன. குளிர்கால ஒலிம்பிக் விளையாட்டு முதன்முதலாக 1924ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டின் ஷாமோனி நகரில் நிகழ்ந்தது. 1952ஆம் ஆண்டில் அவ்விழா ஆஸ்லோவுக்கு வந்தது. அங்கே மலைச்சரிவுப் பந்தயம் ஒன்றில் ஸ்டெயின் எரிக்சன் என்னும் நார்வே வீரர் பொற்பதக்கம் வென்றார். அவருடைய உடன்பிறந்தார் மாரியஸ் எரிக்சன், போர்க்காலத்தில் விமானம் ஓட்டிய வீரர், பனிச்சறுக்கிலும் வல்லவர். 1953ஆம் ஆண்டில் ஊன் சோய்லண்ட் டாலே என்னும் அம்மையார் நீலம், வெள்ளை, சிவப்பு ஆகிய நார்வேக் கொடியின் நிறங்களைக் கொண்டு ஒரு ஸ்வெட்டருக்கு அமைப்பு வரைந்தார். அது மாரியஸின் பெயரையே பெற்றது. நார்வேயில் மிகுதியாகப் பின்னப்பட்ட ஸ்வெட்டர்களுள் மாரியஸ் ஸ்வெட்டரும் ஒன்று. பனியில் ஓடியவன் பெயரைப் பின்னியவர் கைகள் பரப்பின.

அடுத்து 1956ஆம் ஆண்டு வந்தது. அவ்வாண்டு இத்தாலியின் கோர்ட்டினா தம்பெட்சோ என்னும் மலையூரில் குளிர்கால ஒலிம்பிக் நடந்தது. இரண்டு செய்திகளால் அது நம் பொருளுக்கு உரியதாகிறது. முதலாவது, குளிர்கால ஒலிம்பிக் விளையாட்டு நிகழும்போதே தொலைக்காட்சியில் காட்டப்பட்டது அதுவே முதல் முறை. இரண்டாவது, நார்வேயின் டாலே என்னும் சிற்றூரிலிருந்த கம்பளி ஆலை, தன் நாட்டு வீரர்க்கெனத் தனி அமைப்பில் ஸ்வெட்டர் உருவாக்கத் தொடங்கியதும் அவ்விழாவை ஒட்டியே. நார்வே நாட்டிலேயே தொலைக்காட்சி முறையாகத் தொடங்கியது 1960ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில். அதுவரை குன்றின்மேல் குளிரில் நின்று கண்டோரும், வானொலியில் கேட்டு மகிழ்ந்தோரும், இனி வீட்டினுள் கணப்பருகே அமர்ந்து காணலாயினர்.

இங்கேதான் ஒரு கேள்வி எழுந்தது. குன்றின்மேல் நின்று காண்பவன் அங்கு நடந்து சென்றவன், குளிரைத் தாங்கியவன், அவனும் ஒருவகையில் உழைத்தவன். நாற்காலியில் சாய்ந்து காண்பவன் என்ன செய்தான்? பிறர் உழைப்பைக் கண்டான். தன் பொழுதைக் கழித்தான். ஆட்டம் முடிந்தது, திரை இருண்டது, அவன் கையில் எஞ்சியது ஒன்றுமில்லை. காண்பது குற்றமன்று, ஆனால் காண்பதே வாழ்வாகிவிடுமானால் கை தன் தொழிலை மறந்துவிடும். பின்னல் ஊசி இக்கேள்விக்குக் கிடைத்த ஒரு விடை.

அவ்விடை பொருந்துவதற்குக் காரணம் பனி விளையாட்டுகளின் அமைப்பே ஆகும். நெடுந்தொலைப் பனிச்சறுக்கில் 50 கிலோமீட்டர்ப் பந்தயம் உண்டு. தேர்ந்த வீரரும் அதனை முடிக்க இரண்டு மணி நேரம் அளவில் எடுத்துக் கொள்வர். சில பந்தயங்களில் வீரர் அனைவரும் ஒருங்கே புறப்படுவதில்லை. 30 விநாடிக்கு ஒருவராகப் புறப்படுவர். யார் முந்தியவர் என்பது கடைசி வீரர் வந்து சேரும்வரை உறுதியாகாது. காட்டின் இடையே ஒருவர் பின் ஒருவராக வீரர் செல்வதைக் கண் காண்கிறது. ஒரே சீராகக் காலும் கோலும் இயங்குகின்றன. இக்காட்சிக்கு இடையறாத கூர்ந்த நோக்கு வேண்டுவதில்லை. பொறுமையான நோக்குப் போதும்.

துப்பாக்கிச் சுடுதலும் பனிச்சறுக்கும் இணைந்த பயத்லான் பந்தயம் வேறு வகை. வீரர் மூச்சு வாங்க ஓடிவந்து, நெஞ்சத் துடிப்பை அடக்கி, 50 மீட்டர் தொலைவிலுள்ள ஐந்து குறிகளைச் சுடுகிறார். படுத்துச் சுடும்போது குறியின் விட்டம் 45 மில்லிமீட்டர். நின்று சுடும்போது 115 மில்லிமீட்டர். ஓட்டத்தின்போது பின்னுவோர் கை இயங்கும். சுடும்போது தானே நின்றுவிடும். மலைச்சரிவுப் பந்தயமோ இன்னும் விரைவானது. ஒருவர் இறங்கி முடிக்க இரண்டு நிமிடத்திற்கு மேல் ஆவது அரிது. வெற்றியும் தோல்வியும் விநாடியின் நூற்றில் ஒரு பங்கால் பிரிக்கப்படுகின்றன. ஆனால் ஒருவருக்கும் அடுத்தவருக்கும் இடையே ஓய்வு உண்டு. இவ்வாறு நெடிய பொறுமையும் குறுகிய பரபரப்பும் மாறி மாறி வருவதே பனி விளையாட்டின் இயல்பு.

பின்னலின் காலக் கணக்கு இதற்கு நேர்மாறானது. ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கைப் பார்ப்போம். 10 செ.மீ. அகலத்திற்கு 22 கண்ணிகள், 10 செ.மீ. உயரத்திற்கு 28 சுற்றுகள் எனக் கொள்வோம். மார்பளவு 100 செ.மீ. உள்ள ஸ்வெட்டருக்கு ஒரு சுற்றில் 220 கண்ணிகள் வேண்டும். உடற்பகுதியின் உயரம் 60 செ.மீ. என்றால் 168 சுற்றுகள் வேண்டும். இரண்டையும் பெருக்கினால் 36,960 கண்ணிகள் ஆகின்றன. நிமிடத்திற்கு 30 கண்ணி பின்னுபவர் இதை முடிக்க இருபதரை மணி நேரம் ஆகும். கைப்பகுதிகள் இக்கணக்கில் சேரவில்லை. ஆகவே, ஒரு ஸ்வெட்டரின் உடற்பகுதியைப் பின்னி முடிப்பதற்குள் பத்து நெடுந்தொலைப் பந்தயங்களைக் கண்டு முடித்துவிடலாம்! வீரன் விநாடியை நூறாகப் பகுக்கிறான். பின்னுபவர் மணிகளைக் கண்ணி கண்ணியாகச் சேர்க்கிறார். இருவரும் காலத்தோடு தொழில் செய்கின்றனர். அளவுகோல் மட்டுமே வேறு.

இனி, கண் வேறிடத்தில் இருக்கக் கை எவ்வாறு தவறாமல் தொழிற்படுகிறது என்பதைக் காண்போம். முதன்முதலாகப் பின்னக் கற்பவர் ஒவ்வொரு கண்ணியையும் உற்று நோக்குவார். ஊசியை எங்கே நுழைப்பது, நூலை எப்பக்கம் சுற்றுவது என்று எண்ணி எண்ணிச் செய்வார். அந்நிலையில் பிறர் பேசினாலும் கண்ணி நழுவும். நாள்தோறும் பழகப் பழக அவ்வசைவுகள் ஒன்றோடொன்று இணைகின்றன. மூளையில் திட்டமிட்டு எண்ணும் பகுதி செய்த வேலையைப் பழக்க அசைவுகளை நடத்தும் உட்பகுதிகள் மெல்ல மெல்ல ஏற்றுக்கொள்கின்றன. பிறகு எண்ணம் விடுதலை பெறுகிறது. நடக்கும்போது எந்தக் காலை எடுத்து வைப்பது என்று நாம் எண்ணுவதில்லை அல்லவா? அதுபோலத்தான் இதுவும்.

கை கண்ணின்றி இயங்கினாலும் குருடாக இயங்குவதில்லை. விரல் நுனிக்குக் கூரிய தொடுவுணர்வு உண்டு. அடுத்த கண்ணி எங்கே நிற்கிறது, நூல் இறுகியுள்ளதா, தளர்ந்துள்ளதா என்பவற்றை விரல் தொட்டே அறிகிறது. ஒரு கண்ணி ஊசியிலிருந்து நழுவினால் அந்த இடத்தில் ஏற்படும் நெகிழ்ச்சியை விரல் உடனே உணர்கிறது. உணர்ந்ததும் கண்ணை அழைக்கிறது. கண் குனிந்து பார்க்கிறது. குறை தீர்ந்ததும் மீண்டும் திரையை நோக்குகிறது. கண்ணும் கையும் இவ்வாறு ஒன்றற்கொன்று காவலாக நிற்கின்றன.

ஆயினும் எல்லாக் கைவேலையும் இதற்கு ஏற்றதன்று. துணியில் இழைகளை எண்ணி எண்ணிப் பூவேலை செய்யும் குறுக்குத்தையலுக்குக் கண்ணே முதற்கருவி. எண்ணிக்கை ஒன்று பிறழ்ந்தால் மலரின் இதழ் கோணிவிடும். இருநிறப் பின்னலில் கட்டம் போட்ட வரைபடத்தைப் பார்த்துப் பார்த்து நிறத்தை மாற்ற வேண்டும். காலுறையின் குதிகாலைத் திருப்புவதற்கும், ஸ்வெட்டரின் கழுத்தை வளைப்பதற்கும் முழுக் கவனம் தேவை. ஆகவே, அறிவுடைய பின்னற்காரர் வேலையைப் பகுத்து வைத்துக்கொள்வார். ஒரே சீராகச் செல்லும் உடற்பகுதியையும் கைப்பகுதியையும் நெடுந்தொலைப் பந்தயத்திற்கென வைப்பார். எண்ணிச் செய்வனவற்றை ஆட்டங்களுக்கு இடையிலுள்ள ஓய்வுக்கென வைப்பார். மிகக் கடினமானவற்றைத் திரையை அணைத்த பின்னரே எடுப்பார். வேலையும் காட்சியும் ஒத்துப்போவது தற்செயலன்று. தேர்ந்து அமைத்த அமைதி அது.

இதிலிருந்து மாணவர் உணரவேண்டிய உண்மை ஒன்று உண்டு. ஒரே பொழுதில் இரு வேலை செய்யலாம் என்பதைக் கேட்டு, கணக்கையும் ஆட்டத்தையும் ஒருங்கே வைத்துக்கொள்ள முனைதல் கூடாது. கணக்கு எண்ணத்தைக் கேட்கும்; ஆட்டமும் எண்ணத்தைக் கேட்கும். இரண்டும் ஒரே வாயிலில் நுழைய முயன்றால் இரண்டும் வெளியே நிற்கும். பின்னல் வேறு. அது பழகிய கையின் தொழில். எண்ணத்திற்கு இடம் விட்டு நிற்பது. முன்னே பல நாள் முழுக் கவனத்தோடு கற்ற கைக்கே பின்னாளில் இவ்வுரிமை கிடைக்கிறது. கவனத்தைச் செலவிட்டுப் பெற்ற செல்வமே இந்தக் கவலையற்ற கைத்திறன்.

பழகிய கையும் நின்றுவிடும் நேரங்கள் உண்டு. 1994ஆம் ஆண்டு நார்வேயின் லில்லஹாமர் நகரில் குளிர்கால ஒலிம்பிக் நடந்தது. நால்வர் பத்துப் பத்துக் கிலோமீட்டராக ஓடும் தொடரோட்டத்தில், தம் நாட்டு வீரரே வெல்வர் என்று நார்வே மக்கள் நம்பியிருந்தனர். ஒரு மணி 41 நிமிடம் நடந்த அப்பந்தயத்தின் முடிவில் நார்வேயின் பியோர்ன் தேலியும் இத்தாலியின் சில்வியோ பௌனரும் தோளோடு தோளாக எல்லைக்கோட்டை நோக்கி வந்தனர். பௌனர் முந்தினார். 40 கிலோமீட்டர் ஓடியும் இடைவெளி விநாடியின் பத்தில் நான்கு பங்கே. இத்தகைய கணத்தில் ஊசியை அசைக்க யாருக்கு மனம் வரும்? அந்தச் சிறுபொழுதில் கையை நிறுத்தி, முழுக் கண்ணோடும் முழு நெஞ்சோடும் காண்பதே வீரருக்குச் செய்யும் மரியாதை. எப்போது இயங்குவது என்பதைப் போலவே எப்போது நிற்பது என்பதையும் நல்ல கை அறிந்திருக்கும்.

காண்போரும் தமக்கென ஒரு பந்தயம் அமைத்துக் கொண்ட செய்தி சுவையானது. 2006ஆம் ஆண்டு பிப்ரவரி 10 முதல் 26 வரை இத்தாலியின் தூரின் நகரில் குளிர்கால ஒலிம்பிக் நடந்தது. அதற்கு முன், கனடா நாட்டு எழுத்தாளரும் பின்னல் வல்லவருமான ஸ்டெபனி பெர்ல் மக்பீ என்னும் அம்மையார் பின்னற்காரர்களுக்கு ஓர் அறைகூவல் விடுத்தார். தொடக்க விழா நடைபெறும்போது முதற் கண்ணியை ஊசியில் ஏற்றவேண்டும். நிறைவு விழாவில் ஒலிம்பிக் சுடர் அணைவதற்குள் வேலையை முடிக்கவேண்டும். எடுத்துக்கொள்ளும் வேலை ஒவ்வொருவர்க்கும் அவரவர் ஆற்றலுக்குச் சற்று மேற்பட்டதாக இருத்தல் வேண்டும். இவையே விதிகள். எதிராளி இல்லை, நடுவர் இல்லை. நாலாயிரத்துக்கும் மேற்பட்டோர் இதில் இறங்கினர். தொடக்கக்காரர் ஒருவர்க்கு ஒரு கழுத்துத்துணியே மலை. தேர்ந்தவர்க்கு முழு ஸ்வெட்டரும் மலை. ஏறவேண்டிய உயரம் வேறாயினும் முயற்சி ஒன்றே.

அவ்விழாவின்போது திரையில் தோன்றிய ஒரு காட்சி பின்னுவோர்க்குத் தனிப்பொருள் உடையதாக இருந்திருக்கும். மகளிர் இருவர் அணிப் பந்தயத்தில் கனடாவின் சாரா ரென்னர் ஓடிக்கொண்டிருந்தபோது அவருடைய ஊன்றுகோல் முறிந்தது. ஒரு கோலோடு அவர் பின்தங்கலானார். அப்போது ஓட்டப்பாதையின் ஓரத்தில் நின்ற ஒருவர் தம் கையிலிருந்த கோலை நீட்டினார். அவர் நார்வே அணியின் பயிற்சியாளர் பியோர்னார் ஹோகன்ஸ்மூன். அக்கோலின் துணையால் ரென்னரும் அவர் துணைவி பெக்கி ஸ்காட்டும் வெள்ளிப்பதக்கம் பெற்றனர். நார்வே நான்காம் இடம் பெற்றது, பதக்கம் இல்லை. கனடா மக்கள் மனம் நெகிழ்ந்து அவருக்கு மேப்பிள் மரப்பாகை மிகுதியாக அனுப்பி நன்றி கூறினர். முறிவு என்பது முடிவன்று என்பதைப் பின்னற்காரர் நாள்தோறும் அறிவர். கண்ணி நழுவினால் கீழிறங்கிய வரிசைகளை ஒவ்வொன்றாக மேலேற்றித் திருத்துவர். பத்து வரிசைக்கு முன் நேர்ந்த பிழை இப்போது தெரிந்தால், பத்து வரிசையையும் பிரித்து மீண்டும் பின்னுவர். நூல் வீணாவதில்லை, செலவானது பொழுது மட்டுமே. பொறுமை உள்ளவர்க்கு அதுவும் வீணன்று.

எனினும் கைவேலையை எல்லாரும் மதிக்கவில்லை. 2012ஆம் ஆண்டில், பின்னற்காரர்களின் பெருங்குழு ஒன்று இதுபோன்ற பந்தயத்திற்கு ஒலிம்பிக்கை ஒட்டிய பெயரை வழங்கியபோது, அமெரிக்க ஒலிம்பிக் குழு அதனைத் தடுத்துக் கடிதம் எழுதியது. பெயரின் உரிமையைக் காப்பது அக்குழுவின் கடமை, அதில் தவறில்லை. ஆனால், இத்தகைய பந்தயங்கள் ஒலிம்பிக்கின் பெருமையைக் குறைக்கும், வீரரை அவமதிக்கும் என்னும் கருத்தும் அக்கடிதத்தில் இருந்தது. பின்னற்காரர் மனம் புண்பட்டனர். தம் குரலை எழுப்பினர். தாம் வீரரைப் போற்றும் பொருட்டே இதனைச் செய்வதாக உரைத்தனர். ஒலிம்பிக் குழு மன்னிப்புக் கேட்டது. பின்னற்காரரும் தம் பந்தயத்தின் பெயரை மாற்றிக்கொண்டனர். பெயர் மாறியது, ஊசி நிற்கவில்லை. முயற்சியின் பெருமை அது நிகழும் இடத்தைப் பொறுத்ததன்று என்பதை இந்நிகழ்ச்சி பலர்க்கும் உணர்த்தியது.

அதன்பின் சில ஆண்டுகளில் ஊசி நாற்காலியை விட்டு எழுந்து விளையாட்டுக் களத்திற்கே சென்றுவிட்டது! 2014ஆம் ஆண்டு உருசியாவின் சோச்சி நகரில் நடந்த குளிர்கால ஒலிம்பிக்கில், பனிப்பலகைப் பந்தயம் தொடங்கும் மேட்டின் உச்சியில் பின்லாந்து அணியின் பயிற்சியாளர் ஆன்டி கோஸ்கினன் நின்றிருந்தார். அவருடைய வீரர் பாய்ந்து இறங்க அணியமாகிக் கொண்டிருந்தார். பயிற்சியாளரோ அமைதியாகப் பின்னிக் கொண்டிருந்தார். உலகெங்கும் தொலைக்காட்சியில் இதனைக் கண்டோர் வியந்து நகைத்தனர். 2018ஆம் ஆண்டு கொரியாவின் பியோங்சாங் நகரிலும் அவர் கையில் ஊசி இருந்தது. அம்முறை, பின்லாந்து அதிபருக்கு அப்போது பிறந்திருந்த குழந்தைக்காக ஒரு போர்வையைப் பின்லாந்து அணியினர் பலரும் சேர்ந்து பின்னினர். கை ஒரே சீராக இயங்கும்போது மனத்தின் பதற்றம் தணிகிறது என்பது பின்னுவோர் பலர் கண்ட உண்மை. காண்போர்க்கு உதவிய ஊசி களத்தில் நின்றோர்க்கும் உதவியது.

இறுதியாக மற்றொரு வியப்பையும் கூறுதல் வேண்டும். பின்னுவோர் தொலைக்காட்சியைக் கண்டது போக, தொலைக்காட்சி பின்னுவோரைக் காண வந்த இரவும் ஒன்று உண்டு. 2013ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் இரவு, நார்வே நாட்டின் அரசுத் தொலைக்காட்சி பின்னலையே ஒரு பெரும் பந்தயமாகக் காட்டியது. உயிருள்ள ஆட்டின் மயிரைக் கத்தரித்து, அதனை நூலாக நூற்று, அந்நூலால் முழு ஸ்வெட்டரைப் பின்னி முடிக்கவேண்டும். ஆஸ்திரேலிய நாட்டினர் இதனை ஐந்து மணி நேரத்திற்குள் முடித்திருந்தனர். நார்வேக் குழுவினர்க்கு எட்டு மணி நேரத்திற்கு மேல் ஆயிற்று, அவர்கள் வெல்லவில்லை. ஆயினும் பரபரப்பே இல்லாத அந்த நெடிய காட்சியை மக்கள் தம் ஊசிகளோடு அமர்ந்து கண்டனர். நெடுந்தொலைப் பந்தயத்தைக் காணப் பழகிய கண்களுக்கு அது புதிதன்று. மெல்ல நிகழ்வதையும் பொறுத்துக் காணும் ஆற்றலை அவை முன்னரே பெற்றிருந்தன.

பொறுமையாகக் காண்பதும் பொறுமையாகச் செய்வதும் வேறு வேறு குணங்கள் அல்ல. ஒரே குணத்தின் இரண்டு முகங்கள். வீரன் பல்லாண்டு பயின்று ஒரு நாள் ஓடுகிறான். அவன் பயின்ற ஆண்டுகளை நாம் காண்பதில்லை. ஓடிய நாளை மட்டுமே காண்கிறோம். கண்ணி கண்ணியாக ஒரு துணியை உருவாக்கியவரோ, காணாத அந்த ஆண்டுகளையும் ஒருவாறு உணர்வார். ஓர் அசைவை ஆயிரம் முறை செய்வதன் பொருள் அவருக்குத் தெரியும். அதனால் அவருடைய கைதட்டலில் பொருள் மிகுதி.

விழா முடியும், சுடர் அணையும், பதக்கங்கள் வென்றவர் இல்லம் சேரும். வென்றவர் பெயர்களில் பலவற்றைச் சில ஆண்டுகளில் உலகம் மறந்துவிடும். ஆனால் அந்நாட்களில் பின்னப்பட்ட ஸ்வெட்டரை ஒரு குழந்தை அணிந்து பள்ளிக்குச் செல்லும். அக்குழந்தை வளர்ந்த பின் அதன் தம்பியோ தங்கையோ அணிவர். அதன் ஒரு வரிசையில் ஒரு நெடுந்தொலைப் பந்தயம் அடங்கியிருக்கும். மற்றொரு வரிசையில் ஒரு தோல்வியின் பெருமூச்சு அடங்கியிருக்கும். நாம் கண்டு கழித்த பொழுது மீண்டும் வருவதில்லை. செய்து கழித்த பொழுது மட்டும், குளிர் வரும்போதெல்லாம், யாரோ ஒருவர் தோளில் வந்து தங்குகிறது.